எரிகல் போன திசை

மாலை ஆறு ஐம்பதுக்கு, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பட்டாபிராமன்தான் முதலில் "ஏய், அங்க பார்!" என்று கத்தினார். படியில் உட்கார்ந்து ஏதோ ஒரு ரஷ்ய நாவலின் பனிக்காலத்தில் தொலைந்திருந்த அவர் மகள் சின்மயி தலையைத் தூக்கினாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, பச்சைத் தலையும் ஆரஞ்சு வாலுமாக ஒரு நெருப்புப் பந்து இறங்கியது. மூன்றாக உடைந்தது. தெரு ஒரு கணம் வெளுத்துப்போய், மறுபடி ராஜகீழ்ப்பாக்கம் ஆனது. அம்மாவைக் கூப்பிடத் திரும்பினாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வானியல் குழு ஒன்றின் இணையப் படிவத்தை அப்போதே நிரப்பினாள். அதுவரை அவள் அறிந்த அதிசயங்களெல்லாம் யாரோ கண்டு, யாரோ மொழிபெயர்த்தவை. இது அவளே கண்டது. எத்தனை வினாடி, என்ன நிறம் என்பதற்கெல்லாம் யோசித்து எழுதியவள், திசைக்கு மட்டும் யோசிக்கவில்லை. வாசலுக்கு நேர் எதிரே, வாசல் கிழக்கு. அந்தக் கிழக்குக்காகவே அப்பா மூன்று வருஷம் மனை தேடி அலைந்தவர். உடன் பார்த்தவர் என்று அவர் பெயரையும் சேர்த்தாள்.

மறுநாள் குழுவிலிருந்து ஜேசன் என்பவர் ஃபோன் செய்தார்.

"நாவலூர்ல ரெண்டு பேரு, காட்டாங்குளத்தூர்ல ஒருத்தர், எல்லாரும் சொன்ன திசையில கோடு போட்டா ஒரே இடத்துல சேருது. உங்க கோடு மட்டும் தனியா ஓடுதுங்க."

"மூணா உடைஞ்சுது சார். நான் பார்த்தேன்."

"அதனாலதான் கேக்கறேன். உடைஞ்சதை வேற யாரும் சொல்லல. திசை இடிச்சா உங்க மொத்த ரிப்போர்ட்டையும் எடுத்துடுவோம். தெருவுல நின்னு காம்பஸ் பாருங்களேன்."

நாலு தரம் பார்த்தாள். நாலு தரமும் வாசல் தென்கிழக்கைத்தான் பார்த்தது.

"ஃபோன் காம்பஸ் எல்லாம் ஒரு காம்பஸா?" என்றார் அப்பா. "சூரியன் கொஞ்சம் தள்ளி வரும். அது தட்சிணாயனக் கணக்கு."

"பதினோரு வருஷமா எந்த அயனத்துலயும் நம்ம வாசலுக்கு நேரா வரலையே!" அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

அவர் முகம் சுருங்கியது. "நீ மாத்திக்கோ. என் பேரை எடுத்துடு."

எடுத்தாள். உடனே படிவம் கேட்டது: தனியாகப் பார்த்தீர்களா? 'ஆம்' என்பதன் மேல் விரல் நின்றது. தப்பான திசையைத் திருத்தப் போய்த் தப்பான சாட்சி சொல்வதா? முதலில் பார்த்தவரே அவர்தானே.

"தனியா பார்த்தேன்னு போட மனசு வரலப்பா."

அவர் எழுந்து வாசலுக்குப் போய், தொட்டிக்கு மேலே வெறும் வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

"எத்தனையா உடைஞ்சுதுன்னு எழுதின?"

"மூணு."

"நாலு. நீ அம்மாவைக் கூப்பிடத் திரும்பிட்ட. கடைசித் துண்டு தொட்டிக்கு வலது பக்கமா போச்சு."

"வலதுன்னா எந்தத் திசைன்னு போடட்டும்?"

சமையலறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உன் காம்பஸ் கணக்குப்படி தெற்கு," என்றார்.