மேப்பிளுக்கு ஊற்றிய தண்ணீர்

"தொழிலாளிக்கு உப்புத் தண்ணீர், தொட்டி மரத்துக்கு நல்ல தண்ணீர்!"

இந்த ஒரு வரிக்குக் கோவில்பட்டியில் அன்று எழுந்த கைதட்டலை என் முப்பதாண்டு மேடை வாழ்வில் நான் கேட்டதில்லை. துண்டறிக்கையிலும் அதையே தலைப்பாக அச்சிட்டோம். எளிய வரி; எரிகிற வரி. அதில் இருந்த குறை ஒன்றே ஒன்று. அது உண்மையன்று.

கழுகுமலைச் சாலையில் உள்ள அந்தத் தீப்பெட்டி ஆலையின் தகரக் கொட்டகைக்கு இரண்டு மின்விசிறியும், பெண்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீரும் கேட்டுச் சங்கம் போராடி வந்தது. சித்திரை வெயில் தொடங்கிய ஒரு காலையில் வாயிற்கூட்டம் பேசப் போனேன். திறந்திருந்த வாயிற்கதவு வழியே முதலாளி அறையின் கிழக்கு வெளிச்சுவர் ஓரம் நான்கு தொட்டிகளைக் கண்டேன். குழந்தையின் விரித்த உள்ளங்கை போன்ற செவ்விலைகள். ஜப்பான் தேசத்து மேப்பிள் மரங்கள் என்று வாயிற்காவலர் சொன்னார். மேலே பச்சை நிழல்வலை. வெப்பக் காற்றை மறிக்கச் சோளத்தட்டையால் கட்டிய தட்டி. தொட்டிகளைச் சுற்றி நனைத்த சாக்கு. ஆலைத் தொழிலாளி ஒருத்தி மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்த்துவிட்டு, வாளியிலிருந்து பளிங்கு போன்ற தண்ணீரை மொண்டு மொண்டு வேரில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "ஏட்டி சொர்ணம், ஒம் மருமக்கமாருக்கு விருந்து வச்சாச்சா? எங்களுக்கும் ஒரு வாய் ஊத்து!"

பலர் சிரித்தார்கள். நானோ அதில் தாகத்தைக் கேட்டேன். மரத்துக்கு நிழல், மனுஷிக்குத் தகரம் என்று அந்த நொடியே என் நெஞ்சில் உரை எழுந்து நின்றது. உள்ளே போய் அவளிடம் ஒரு சொல் கேட்க இருபது அடி நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை.

பொதுக்கூட்டத்தில் அந்த வரியைச் சொன்னபோது, பெண்கள் வரிசையில் அவள் எழுந்து கையை உயர்த்தினாள். முழக்கமிடுகிறாள் என்று எண்ணி நானும் கையை உயர்த்தினேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. சங்கச் செயலாளர் இசக்கிதுரை மேடையிலேயே என்னைக் கட்டிப்பிடித்தார். "பெருமாள்சாமி அண்ணாச்சி, இனி மொதலாளி தலையத் தூக்க முடியாது!"

நான்காம் நாள் முதலாளி சௌந்தரபாண்டியன் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுவே எனக்கு அச்சமாயிருந்தது.

"வாங்க அண்ணாச்சி. மரத்துக்கு நெழல் போட்டேன்னுதானே பேசுனிய? கூட்டம் முடிஞ்ச மறுநாளே வலையக் கழத்தி உங்க ஆளுக தண்ணி குடிக்கிற டிரம்முக்கு மேல கட்டச் சொல்லிட்டேன். தொட்டிய எல்லாம் வெளிய சிமெண்டுத் தரைக்கு நவுத்தியாச்சு. இப்ப மரமும் வெயில்ல, மனுசனும் வெயில்ல. சமத்துவம் வந்துட்டுல்லா?"

"மின்விசிறி? குடிநீர்?" என்றேன்.

"நீங்க அதையா பேசுனிய? இருவது நிமிசமும் மரத்தைத்தானே பேசுனிய."

மேசையின் மறுபக்கம் அவர் சிரித்தார். கோரிக்கையின் முழுப் பாரத்தையும் ஒரு கிளையில் தொங்கவிட்டவன் நான். அவர் அந்தக் கிளையை மட்டும் வெட்டிக் கையில் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்தபோது, மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றிய அந்தச் சொர்ணத்தாய் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒரு வாளியக் காட்டணும். இங்கன வாங்க."

முதலாளி அறையின் பின்சுவருக்கு அழைத்துப் போனாள். சுவரிலிருந்து நீண்ட ஒரு மெல்லிய குழாயின் நுனியில் துளி திரண்டு, தயங்கி, கீழே இருந்த வாளியில் விழுந்தது.

"இதான் நீங்க சொன்ன நல்ல தண்ணி. ஏசி ஒழுகுத தண்ணி, உப்பே கெடையாது. மின்ன சாக்கடைக்குப் போய்ட்டிருந்துச்சு. நாள் முச்சூடும் சொட்டுனா ஒரு வாளி சேரும். அத மறுநா வெயிலுக்கு மின்ன ஊத்துதேன்."

குனிந்து வாளிக்குள் பார்த்தேன்.

"மொதலாளி கொடைக்கானல்லருந்து எட்டுத் தொட்டி வாங்கியாந்தாவ. போர்க்குழாய் உப்புத் தண்ணிய ஊத்தி மொத கோடையிலயே நாலு கருகிப் போச்சு. மிச்சத்தக் குப்பையில போடுன்னாவ. எனக்குத் தாங்கன்னு கேட்டேன். பொழைக்க வச்சா நீயே வச்சுக்கோன்னுட்டாவ. எங்க வீடு ஆஸ்பெட்டாஸ் கூரை, நிக்க நெழல் கெடையாது. அதான் இங்கன வச்சேன். வலை எம் மவன் குடுத்தது. பந்தல் போடுதவன், கிழிஞ்சதத் தந்தான். மூணு கோடை தாண்டிட்டு அண்ணாச்சி."

"அவை முதலாளியின் மரங்கள் என்று நினைத்தேன். உன்னை ஊற்றச் சொன்னதும் அவர்தான் என்று... கண்ணால் பார்த்தேனே."

"பாத்திய. கேக்கலியே. கூட்டத்துல கையத் தூக்குனேன். நீங்களும் தூக்குனிய."

சிமெண்டுத் தரையில் தொட்டிகள் கொதித்துக்கொண்டிருந்தன. இலைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கி எரிந்து, தீக்குச்சி தின்ற காகிதம்போல் சுருண்டிருந்தன. வாயிற்காவலர் இரக்கப்பட்டு உச்சி வெயிலில் போர்த் தண்ணீர் வேறு ஊற்றியிருந்தார். தொட்டியின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"மறுபடி நிழலில் வைக்கலாமே?"

"மொதலாளி விட மாட்டாவ. 'ஒன் சங்கந்தான் கேட்டுது, அவியகிட்டயே போய்க் கேளு'ங்காவ. நீங்க மேடையில சொன்னத மேடையிலயே மாத்திச் சொல்லுங்க. அப்பம் விடுவாவ."

சொல்வதாக வாக்களித்தேன். அடுத்த கூட்டம் ஐந்து நாள் கழித்து. கூட்டத்தன்று மாலை மேடைக்குப் பின்னால் இசக்கிதுரையிடம் சொன்னதும் அவர் பதறினார்.

"நல்லா யோசிச்சுத்தான் பேசுதியளா? ஒண்ணு தப்புன்னா மிச்சத்த எவன் நம்புவான்? நாலு செடிக்காவ நானூறு பேர விட்டுக்குடுக்கப் போறியளா?"

அந்தக் கேள்வி எனக்கு வசதியாக இருந்தது. ஒலிபெருக்கியின் முன் நாற்பது நிமிடம் நின்றேன். மின்விசிறியைப் பேசினேன். குடிநீரைப் பேசினேன். பேச வேண்டிய முறையில், முதன்முறையாக, செம்மையாகப் பேசினேன். பெண்கள் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. இம்முறை அது முழக்கமன்று என்று எனக்குத் தெரியும். பார்வையை அடுத்த வரிசைக்கு நகர்த்திக்கொண்டு தொடர்ந்தேன். கை நெடுநேரம் உயர்ந்தே நின்றது. பிறகு இறங்கியது.

உண்மை சொன்னால் போராட்டம் தோற்கும் என்று நான் அஞ்சவில்லை. என் வரி தோற்கும் என்று அஞ்சினேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு மேலும் ஒரு வாரம் பிடித்தது.

அதன்பின் என் செலவில் மறுப்புத் தாள் அச்சிட்டேன். மரங்கள் சொர்ணத்தாயுடையவை, ஊற்றியது ஆலையின் நல்ல தண்ணீர் அல்ல, சாக்கடைக்குப் போக இருந்த ஏசித் துளிகள் என்று எழுதி, இருநூறு தாள்களை வாயிலில் நானே நின்று கொடுத்தேன். முதலாளி ஒரு தாளை வாங்கிப் படித்து, மென்மையாகச் சிரித்து, தொட்டிகளைப் பழைய இடத்துக்கு நகர்த்த விட்டார்.

உள்ளே போனேன். சொர்ணத்தாய் சுவரோரம் குந்தியிருந்தாள். தாளை நீட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்து மடித்தாள்.

"இத வாசிச்சவிய எத்தன பேரு அண்ணாச்சி?"

"இருநூறு கொடுத்தேன்."

"கைதட்டுனவிய எத்தன பேரு?"

மூன்று தொட்டிகள் மொட்டைக் குச்சிகளாய் நின்றன. கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கீறிக் காட்டினாள். காய்ந்த பழுப்பு, கீழே வரப் பழுப்பு, வேர் தொடும் இடத்திலும் பழுப்பு. நான்காவதைக் கீறியபோது, மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே மயிரிழை அளவு பச்சை தெரிந்தது. அவள் முகம் மாறவில்லை.

"பிழைக்குமா?" என்றேன்.

"தெரியாது. நீங்க பக்கத்துல நின்னு ஒண்ணும் பேசாதிய. இது வெக்கை தாங்காது. போயி அந்த வாளிய எடுத்துட்டு வாங்க."

பின்சுவருக்குப் போனேன். வலை இன்னும் டிரம்மின் மேல்தான் கிடந்தது. கொட்டகையில் இன்னும் விசிறி சுழலவில்லை. வாளியில் கால்வாசிகூட நிறைந்திருக்கவில்லை. அடுத்த துளி விழக் காத்துக்கொண்டு, வாய் திறவாமல், வெயிலில் நின்றேன்.