ஏழாம் பக்கத்து வரி

வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் ஒன்றரை வருஷம் அலைந்து முடித்தபோது கமலாத்தாளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஏன் நாலாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தமிழில் ஐந்தாம் வகுப்பு ஒன்பது மைலுக்கு அப்பால் இருந்தது. நடுவில் காடு. வேறு காரணம் எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர், அவள் எழுதிய நாற்பது பக்கத்தையும் புரட்டிவிட்டு மேஜைமேல் போட்டார்.

"இது ஆராய்ச்சி இல்லை, மனு. இதில் அளந்து காட்ட என்ன இருக்கு? பிள்ளைகளுக்குப் புத்திக்கூர்மைப் பரீட்சை வை. இல்லாவிட்டால் உன் ஆராய்ச்சிப் பதிவை நீட்டிக்க நான் கையெழுத்துப் போட முடியாது."

கேள்வித்தாள் வெளிநாட்டில் தயாரானது. எழுத்தைத் தமிழாக்கியவர்கள் படங்களை அப்படியே விட்டிருந்தார்கள். ஒரு வீட்டின் படம். அதில் என்ன குறைகிறது என்று சொல்ல வேண்டும். கூரையில் புகைபோக்கி இல்லை என்பதே விடை.

தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கும் மூக்கம்மாளின் மகள் ராமுத்தாய்க்குப் பத்து வயது. படத்தை உற்றுப் பார்த்தாள். "ஒண்ணும் கொறையலயே டீச்சர். நல்ல வீடுதான்."

"புகைபோக்கி?"

"அது காய் உலத்துற ஸ்டோருக்குல்ல இருக்கும்? வீட்டுக்கு எதுக்கு?"

ராமுத்தாய் பார்த்துக்கொண்டிருக்கவே கமலாத்தாள் சைபர் போட்டாள். அந்தப் பதிலை ஓரத்தில் எழுதியும் வைத்தாள். ஆய்வேட்டில் விளக்கிக்கொள்ளலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

விடைத்தாள்களைப் பேராசிரியரிடம் கொடுத்து எட்டு மாதம் கழித்துத் துறை நூலகத்தில் ஒரு சஞ்சிகை கைக்கு வந்தது. கட்டுரை பேராசிரியர் பெயரில் இருந்தது. களப்பணிக்கு உதவியவர் என்று கடைசியில் அவள் பெயர். ஏழாம் பக்கத்தில், தோட்டச் சிறுவர்களின் புத்தித்திறன் நாலாம் வகுப்புக்கு மேல் போதாது என்று ஒரு வரி. ஐந்தாம் வகுப்பு கேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் கொடுத்திருந்த மனுவை, அதே வரியைக் காட்டிக் கல்வி அலுவலகத்தில் தள்ளிவிட்டார்கள்.

"ஏனுங்க சார், பிள்ளைங்க சொன்னதை ஓரத்துல எழுதியிருந்தேனுங்களே?" என்று பேராசிரியரிடம் போய்க் கேட்டாள்.

"ஓரத்தில் எழுதியதற்கு மார்க் கிடையாது."

அன்றே கல்வி அலுவலகத்துக்கு இரண்டு பக்கம் மறுப்பு எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. விஷயம் மட்டும் பேராசிரியர் காதுக்குப் போயிற்று. அவள் பதிவு ரத்தானது.

சொந்த ஊரான கொல்லங்கோட்டுக்குத் திரும்பும் முன் அவள் மலையேறினாள். மூக்கம்மாள் காய்ச்சலில் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள். கமலாத்தாள் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். பிறகு, "ராமுத்தாய் எங்கீங்கக்கா?" என்றாள்.

"காயெடுக்கப் போயிருக்கா."

"ஒன்பது மைலானாலும் அனுப்புவேன்னு சொன்னீங்களே?"

"அனுப்பத்தான் இருந்தோம். அவதான் மாட்டேன்னுட்டா. 'டீச்சரே பரிச்ச வச்சுப் பாத்தாச்சு, எனக்குப் படிப்பு ஏறாதும்மா'ன்னா. நாங்க என்னத்தச் சொல்ல?"

மூக்கம்மாள் கோபப்படவில்லை. அதுதான் கமலாத்தாளுக்குத் தாங்கவில்லை.

ஐந்து மணிக்கு ராமுத்தாய் மழையில் நனைந்து வந்தாள். வாசலில் டீச்சரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னைக்கும் பரிச்சயா டீச்சர்? நா வரல."

"இல்லே கண்ணு. அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. பரீட்சைதான் தப்பு."

பெரியவர்கள் சொன்னால் தலையாட்டுவது போல ராமுத்தாய் தலையாட்டினாள். பிறகு, காய்ப்பிசின் ஒட்டிய கைகளைக் கழுவப் பின்பக்கம் போய்விட்டாள்.