சமையலறைக்கு வந்த பத்தொன்பது நூல்கள்

“நாரை கண்ணுலயே படலேன்னா என்ன டீச்சர் பண்றது?”

“அப்ப ஆயுசு பூரா கட்டிக்கிட்டே இருங்க, ஆசென்.”

மார்ச் மாதத் தொடக்கத்தில் பள்ளிக்கூட வாசலில் கலினாவின் அப்பாவிடம் ஆசிரியை ஸ்னெஜானா விளையாட்டாகச் சொன்னதை நூல்கள் நிஜமென்று எடுத்துக்கொண்டன. ஏப்ரல் ஆறாம் தேதி, இணைய வகுப்பில் கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேரின் மணிக்கட்டிலும் அவள் கட்டிவிட்டிருந்த சிவப்பு வெள்ளை மார்தெனித்ஸா நூல்கள் வளர்ந்து, மடிக்கணினித் திரை வழியாக அவளுடைய சமையலறைக்குள் வந்து சேர்ந்தன. பல்கேரிய வழக்கப்படி, வசந்தத்தின் முதல் நாரையைப் பார்க்கும்வரை அவற்றை அவிழ்க்கக் கூடாது. தொற்றுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊரில் யார் நாரையைப் பார்ப்பது? தலைமையாசிரியரிடம் சொன்னபோது, நூல்களை வருகைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மட்டும் அவர் கேட்டார். அமைச்சகம் இரண்டு வாரம் கழித்து அதற்கு ஒரு படிவம் அனுப்பியது.

நூல்களால் பாடம் நன்றாகவே நடந்தது. இழுத்தால் பொஜிதார் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்தான். கலினாவின் நூலை இழுத்தால் மட்டும் சரியான விடை மேசைக்கடியிலிருந்து வந்தது.

“ஆசென், நான் உங்களைக் கேக்கல.”

“நான் இல்ல டீச்சர், பூனை.”

“பூனைக்குக் கழித்தல் நல்லா வருது. ஆனா கூட்டல்லதான் உதைக்குது.”

ஆசென் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர். மனைவியை இழந்து நான்கு வருடமாகிறது. அன்று வாசலில் ஸ்னெஜானாவின் கையில் கலினா போட்ட முடிச்சு அவிழ்ந்துபோக, அதைத் திருத்திக் கட்டியவர் அவர். அப்போது அவரிடம் சொல்ல நினைத்த ஒரு வாக்கியத்தை அவள் விழுங்கிவிட்டாள். அவளுடைய நூலும் வளர்ந்தது. ஆனால் அது எதிர்த்திசையில், திரைக்குள், கலினாவின் கட்டத்தை நோக்கிப் போனது.

யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. மார்ச் இருபத்தெட்டாம் தேதியே அவள் ஜன்னலுக்கு எதிரே உள்ள மின்கம்பத்தில் நாரை வந்து கூடு கட்டிவிட்டது. முறைப்படி அன்றே நூலை அவிழ்த்திருக்க வேண்டும், பிள்ளைகளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் திரைச்சீலையை இழுத்து மூடினாள். நூல் விழுந்துவிட்டால், ஆசென் வெறும் ‘கலினாவின் அப்பா’ ஆகிவிடுவார் என்று நாற்பத்து மூன்று வயதில் பயந்தாள். நாரை அலகைத் தட்டும்போதெல்லாம், “ஃப்ரிட்ஜ் சத்தம், கணக்கைக் கவனிங்க” என்றாள். மூன்று அம்மாக்கள் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் எண்ணை அனுப்பினார்கள்.

மே மாத நடுவில், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பொஜிதார் பாதியில் நிறுத்தினான். “டீச்சர், நான் குறும்பு பண்றதாலதான் நாரை வரலயா?”

ஸ்னெஜானா எழுந்து திரைச்சீலையை விலக்கினாள். மடிக்கணினியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். நாரை கழுத்தை நீட்டி, வகுப்பைப் பார்த்துவிட்டு, அலகைத் தட்டியது. “ஃப்ரிட்ஜ்!” என்று பத்தொன்பது பேரும் கத்தினார்கள். நூல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழுந்தன. அவளுடையது மட்டும் விழவில்லை.

கலினாவின் கட்டத்தில், மேசைக்கடியிலிருந்து ஆசென் முதல்முறையாகத் தலையை வெளியே நீட்டினார். நூலின் மறுமுனை அவருடைய மணிக்கட்டில் இருந்தது. “அந்தக் கம்பத்துல கூட்டுக்குத் தட்டு மாட்டினதே நான்தான், டீச்சர். வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்லல?”

“நீங்க ஃப்ரிட்ஜ்னீங்க. டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

பத்தொன்பது வீடுகளும் கேட்டுக்கொண்டிருந்தன. யாரும் ஒலியை அணைக்கவில்லை, அவளும் அணைக்கவில்லை. மார்ச்சில் வாசலில் விழுங்கிய அந்த வாக்கியத்தை அவள் ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னாள்:

“வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்களேன், ஆசென்.”