ஓஸ்ஸியின் மகளாயிற்றே

தவளை தன் வாயால் கெடும் என்பது வடக்கே பனி கொட்டும் எங்கள் கயானி ஊரில் பலிக்காது. இங்கே தவளைகூட யோசித்துவிட்டுத்தான் கத்தும். என் கணவன் ஓஸ்ஸி அதற்கும் ஒரு படி மேல். காலையில் "காபி" என்பான், ராத்திரி "சரி" என்பான். இடையில் ஒன்றும் கிடையாது. நானோ கரேலியாக்காரி. வாய் மூடத் தெரியாத கூட்டத்தில் பிறந்தவள்.

எங்கள் மகள் வியெனோ மூன்று மாதம் முந்திக்கொண்டு பிறந்தாள். தாய்சேய் நிலையத்துச் செவிலி அவள் வயதிலிருந்து அந்த மூன்று மாதத்தைக் கழித்துவிட்டுத்தான் எடை, உயரம், சிரிப்பு எல்லாம் பார்ப்பாள். குறைமாதப் பிள்ளைக்கு அதுதான் நியாயம். இரண்டு வயதோடு கழிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்றாள். எனக்கு மனசு வரவில்லை. நான்கு வயதிலும் உள்ளுக்குள் கழித்துக்கொண்டே இருந்தேன்.

வியெனோ பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவும் மாட்டாள். கடையிலோ, ஊர்ப் பெண்கள் கூடும் நீராவிக் குளியலறையான சாவுனாவிலோ யாரிடம் கவலையைச் சொன்னாலும் ஒரே பதில்தான்.

"ஓஸ்ஸி மகதானே? அவ பேசினாத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டு ஓடணும்!"

பிள்ளைக் காப்பகத்திலும், "எவ்வளவு அடக்கமான புள்ள" என்று மெச்சினார்கள். வேறு ஊராக இருந்தால் எப்போதோ பதறியிருப்பார்கள். இங்கே பேசாமல் இருப்பதற்குப் பாராட்டு. பதறியவள் நான் ஒருத்திதான், என்னையும் வாயாடி என்று ஒதுக்கிவிட்டார்கள்.

கடைசியில் நானே அடம்பிடித்து உளவியலாளர் ஐலாவிடம் கொண்டுபோனேன். ஓஸ்ஸியும் வந்தான். ஐலா நாள் முழுக்க வியெனோவுடன் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாள்.

"படம் பொருத்துறது, கட்டை அடுக்குறதெல்லாம் வயசுக்குச் சரியா இருக்கு. சொல்றதைப் புரிஞ்சுக்கிறதுதான் ரொம்பப் பின்தங்கியிருக்கு. இது ஆட்டிசம்."

"மூணு மாசம் கழிச்சுட்டுப் பாத்தீங்களா?"

"இந்த வயசுல கழிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, சாய்லா. சீக்கிரம் பொறந்த பிள்ளைங்ககிட்ட இது கொஞ்சம் அதிகமாவே வருது. நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்ல."

ஓஸ்ஸி தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் வாயிலிருந்து ஏதாவது வர வேண்டும். ஆறுதல்கூட வேண்டாம், திட்டினாலும் போதும். இதற்கும் பேசாதவனோடு இனி ஒரே வீட்டில் எப்படி இருப்பது? எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

திரும்பும் வழியில், ஏரிக்கரையில், அவன் காரை ஓரங்கட்டினான்.

"நான் பேசுறவனா இருந்திருந்தா, இவ பேசலைங்கிறது எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். என் ஊமைத்தனம் இவளை மறைச்சிடுச்சு, சாய்லா."

அதோடு நிற்கவில்லை. பிறந்த புதிதில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளைத் தொடப் பயந்தது, ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்து அழுதது, ஊர் சிரித்தபோதெல்லாம் உள்ளே வலித்தது என்று கொட்டிக்கொண்டே போனான். குரல் ஏறிக்கொண்டே போனது. பின்சீட்டில் வியெனோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முனகினாள்.

ஓஸ்ஸி திரும்பி அவளைப் பார்த்தான். சட்டென்று வாயை மூடிக்கொண்டான். கை மறுபடி சாவிக்குப் போனது. இந்த வாய் இப்போது மூடினால் இனி எப்போதும் திறக்காது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"இறங்குடா," என்றேன்.

வெளியே முழங்கால் அளவு பனி. கதவைச் சாத்திவிட்டுக் காரின் முன்னால் நின்றோம். உள்ளே வியெனோ காதிலிருந்து கையை எடுத்தாள்.

"ம், சொல்லு. நான் கேக்கறேன்."