அக்கரையில் நிற்கும் கார்

“வண்டி சௌக்கியமா?”

சாயங்காலப் படகில் வந்து இறங்கும் மகனைப் பார்த்து மாமியார் கேட்கிற முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டாயா, களைத்துப் போனாயா என்பதெல்லாம் அப்புறம்.

“சௌக்கியம்மா. இன்னைக்கும் ஒரு தடவையிலயே பிடிச்சிச்சு.”

“உன் பொண்டாட்டி காதுல விழற மாதிரி சொல்லு. காலையிலேர்ந்து அவளுக்கு உசிரு அக்கரையில கிடக்கு.”

“கண்ணாடியெல்லாம் ஒரே தூசி. துடைச்சு விட்டேன்.”

“பாவம், தனியா நிக்குது. தலையைத் தடவிக் குடுத்தியா?”

மாமியார் இருமல் வரும் வரை சிரிப்பாள். மகன் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டு சிரிப்பான். பன்னிரண்டு வயதுப் பேத்தி புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்குவாள். அடுப்படியிலிருந்து மருமகளும் சிரிப்பாள். வேற்று மனுஷியாக வந்த வீட்டில் தன் காரையாவது உறவுக்காரி மாதிரி விசாரிக்கிறார்களே என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

தீவில் கார் கிடையாது. வரவும் முடியாது. குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையை மடக்க வேண்டிய சந்துகள். காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பீரோ, நடக்க முடியாத மனுஷர் எல்லாமே துறையிலிருந்து வீட்டுக்குக் கைவண்டியில்தான் வந்தாக வேண்டும். வீட்டுக்கு ஒரு கைவண்டி. அதை இழுக்க வீட்டுக்கு ஓர் ஆள். இந்த வீட்டில் அந்த ஆள் மருமகள்.

அவள் பட்டணத்தில் டிரைவிங் ஸ்கூல் ஆசிரியையாக இருந்தவள். சொந்தக் கார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் அவள் காலுக்கு எட்டுகிற மாதிரி இன்னொரு பிரேக் வைத்த கார். மீசை முறுக்கிய ஆம்பிளைகளெல்லாம் அவள் அதட்டலுக்கு நடுங்கி கிளட்சை மிதித்திருக்கிறார்கள். மாமனார் போன பிறகு தீவில் அவருடைய படகு ரிப்பேர் பட்டறை பூட்டிக் கிடந்தது. புருஷன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

“ஒரு வருஷம். பார்ப்போம். உன் கார் அக்கரையிலயே நிக்கட்டும். பிடிக்கலையா, ஏறி உக்காந்து போய்க்கிட்டே இருக்கலாம்.”

“சத்தியமா?”

“அட, கார்தான் அங்க நிக்குதே. அதைவிடப் பெரிய சத்தியம் என்ன வேணும்?”

அந்தக் காரை நம்பித்தான் அவள் படகு ஏறினாள்.

வந்த புதிதில், எதிரே ஆடு ஒன்றைத் தவிர எதுவும் வராத சந்துகளில், திரும்பும் முன் வலதும் இடதும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். பழக்கதோஷம். தீவு அவளுக்கு ‘ஸ்டியரிங்’ என்று பெயர் வைத்தது. “ஸ்டியரிங், ஹார்ன் அடிக்காம வர்றியே, ஆட்டுக்குப் பயமா இருக்காது?” கைவண்டிக்கு பிரேக் இல்லையே என்று ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி வண்டியோடு தொங்க விட்டாள். சரிவில் நிறுத்தினால் அதைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பாள். அதைப் பார்த்துத் தீவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. “ஸ்டியரிங்கோட ஹேண்ட்பிரேக்கைப் பாருங்கடோய்!”

சிரித்துவிட்டுப் போகட்டும். உள்ளங்கை காய்த்தது, முழங்கால் வீங்கியது, அதுவும் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கரைக்குப் போய் ஷெட்டில் நிற்கும் காரில் ஏறி, கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பி, இன்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வருவாள். அது ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

பிறகு புருஷன் சொன்னான்: “நான் சாமான் வாங்க தினம் அக்கரைக்குப் போறேன். நீ எதுக்கு அலையிற? சாவியைக் குடு, நான் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்.”

அக்கறையாகத்தான் சொல்கிறான் என்று கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் அவன் அம்மாவுக்காகக் கைவண்டியில் ஒரு சீட்டைப் பொருத்தினான். மெத்தென்ற சீட். தலை முதல் அடி வரை பூப்போட்ட உறை, சுற்றிலும் இறுக்கித் தைத்தது. அதுவரை வெறும் பலகையில் சாக்கு போட்டு உட்கார்ந்திருந்த மாமியார் அதில் சாய்ந்து பார்த்து, “அடேயப்பா, மகாராணி மாதிரி இருக்கேடா! ஏம்மா, இழு பார்ப்போம்” என்றாள்.

வண்டி முன்னைவிடக் கனத்தது. அத்தைக்கு வசதியாக இருந்தால் சரி என்று இழுத்தாள்.

வருஷம் முடியப் போகிற சமயம் டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மா போன் செய்தாள். “வர்ற மாசம் ஒரு ஆள் வேலையை விட்டு நிக்கிறாங்க. அந்த இடம் உனக்குத்தான். சொந்தக் கார் இருக்கில்ல? ஸ்கூல் வண்டி எதுவும் காலி இல்லை, அதான் கேக்கறேன்.”

“இருக்குக்கா. தினம் ஸ்டார்ட் பண்ணித்தான் வச்சிருக்கோம்.”

புருஷனிடம் சொன்னாள். அவன் நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் தோண்டிக்கொண்டே, “போலாம், போலாம்” என்றான். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். மாமியார் மட்டும், “போகத்தானே வேணும், கார் காத்துக்கிட்டு நிக்குதே” என்றாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாமியாருக்கு முழங்கால் ஊசி. அக்கரை ஆஸ்பத்திரிக்கு நடுப்பகல் படகில் போக வேண்டும். மருமகள் வண்டியைத் துறைச் சரிவில் இறக்கினாள். குறுக்காக நிறுத்தினால் உருளாது என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கிழவி கேட்டால்தானே.

“எனக்குப் படகைப் பார்த்துக்கிட்டு உக்காரணும். சுவத்தைப் பார்த்து உக்கார நான் என்ன தண்டனையா அனுபவிக்கிறேன்?”

வண்டி தண்ணீரைப் பார்த்தபடி நின்றது. கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள்.

“தண்ணி வத்திக் கிடக்கும்மா. பாசி வழுக்கும், பார்த்து” என்றார் படகுக்காரர். படகில் வேறு ஆள் இல்லை.

படகு மோதாமல் இருக்கத் துறைச் சுவரில் பழைய டயர்களைக் கட்டியிருப்பார்கள். கீழ் வரிசை எப்போதும் தண்ணீருக்குள்தான் இருக்கும். இன்றைக்குத் தண்ணீர் வடிந்து அதுவும் வெளியே தெரிந்தது. மூன்றாவது டயரின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் கோடு.

அது அவள் போட்ட கோடு. மேட்டில் வண்டி எடுக்கக் கற்றுக்கொடுக்கும்போது, அவள் வெளியே நின்று பார்ப்பாள். கார் ஒரு விரற்கடை பின்னால் உருண்டாலும் கோடு நகர்ந்துவிடும். “கோடு அசையுது, கோடு அசையுது!” என்று கத்துவாள். இப்போது கோடு அசையவில்லை. டயர் சுவரில் அறைந்து கட்டியிருந்தது.

“அண்ணே, இந்த டயரெல்லாம் எப்போ கட்டினீங்க?”

“படகுக்கு வேற இன்ஜின் வச்சோமே, அப்போ. உங்க வீட்டுக்காரர்தான் எல்லாத்தையும் கொண்டாந்தாரு. என்னா இன்ஜின்! கார் இன்ஜினும்மா, ஒரு தடவையிலயே...” அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, ஏற்கெனவே சரியாக இருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

அவள் கைவண்டியிடம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? ஏத்தி விடு, நேரமாச்சு.”

பூப்போட்ட உறைக்கு அடியில் கையை விட்டாள். கண் தேடவில்லை, கைக்கே இடம் தெரிந்தது. பத்து வருஷம் உட்கார்ந்த சீட்டின் நெம்புகோல். பிடித்து இழுத்தாள். சீட் மாமியாரோடு சேர்ந்து சடக்கென்று பின்னால் நகர்ந்தது.

“ஐயோ! கொல்லப் பார்க்கிறியா!”

“இது என் சீட்டு.”

மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“சொல்லிடுடான்னுதான் நான் சொன்னேன். அவன்தான் நாலு நாள் போகட்டும்னான்.”

“எவ்வளவு நாளா?”

“நீ சாவியைக் குடுத்த வாரமே. இன்ஜின் படகுல, சக்கரம் இதோ துறையில, பாட்டரி கடைக்காரன் வீட்டு விளக்குக்கு. வெளிக்கூடு இரும்புக்குப் போச்சு. எதுவும் வீணாகலைம்மா. அந்த விஷயத்துல என் பிள்ளை கெட்டிக்காரன்.”

“ஏன் அத்தை?”

“ஒரு கால் இங்க, ஒரு கால் அந்தக் காருல வச்சுக்கிட்டு நிக்கிறவகூட எப்படிக் குடும்பம் நடத்துறது? நான் இந்தத் தீவுக்கு வந்தப்போ எனக்கு எந்தக் காரு அக்கரையில நின்னுச்சு? இருந்தேனா இல்லையா?”

“இத்தனை நாளா இதுல வச்சு உங்களை நான் இழுத்திருக்கேன்.”

“நல்லாத்தான் இழுத்தே. குறையே சொல்ல மாட்டேன்.”

அவள் போனை எடுத்தாள். அக்கரையில் இருந்த புருஷனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னங்க, வண்டி எப்படி இருக்கு?”

“இப்பத்தான் ஷெட்டுக்குப் போயிட்டு வர்றேன். ஒரு தடவையிலயே பிடிச்சிச்சு.”

“தூசி?”

“துடைச்சேன். முன்னாடி டயர்ல காத்துக் கொஞ்சம் கம்மியா இருக்கு, அடிச்சிடறேன்.”

சீட்டில் சாய்ந்திருந்த மாமியாரின் தோள் குலுங்கியது. வாயைப் பொத்திப் பார்த்தாள். முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். “காத்து அடிக்கிறானாம்! ஐயோ, என் வயிறு!”

போனில் தொடர்பு அறுந்தது.

அரை நாள் பள்ளி விட்டு மகள் சரிவில் ஓடிவந்தாள். பாட்டியை வழியனுப்ப எப்போதும் வருவாள்.

“பாப்பா, கார் என்னாச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

பிள்ளை பாட்டியைப் பார்த்தாள்.

“அவளை எதுக்கு இழுக்கிற?” என்றாள் மாமியார்.

“தெரியும்” என்றாள் மகள். “இந்தப் பூத்துணி நான்தான் எடுத்துக் குடுத்தேன். தலை வரைக்கும் மூடினாத்தான் அம்மா கண்டுபிடிக்க மாட்டான்னு அப்பா சொன்னாரு.”

“ஏன்டி என்கிட்ட சொல்லலை?”

“சொன்னா கிளம்பிடுவே. என்னையும் இழுத்துட்டுப் போவே. அங்க என்னை ஒரு தெருவைக்கூடத் தனியா தாண்ட விட மாட்டே. எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு.” கொஞ்சம் தயங்கினாள். பிறகு உதட்டோரத்தில் பாட்டியின் சிரிப்பே எட்டிப் பார்த்தது. “அதுவும் நீ தினமும் நம்பினே பாரு. எங்களால சிரிப்பை அடக்கவே முடியாது.”

அவள் மகள் பக்கம் திரும்பினாள். பிறகு பேசினாள். அது டிரைவிங் ஸ்கூல் குரல். அமைதியான, திருத்தமான குரல்.

“இப்படி வா. வண்டிக்குப் பின்னால வந்து கைப்பிடியைப் பிடி.”

“நானா? சரிவுல என்னைத் தொடவே விட மாட்டியே?”

“இன்னைக்குக் கத்துக்கோ. ரெண்டு கையாலயும். ஒரு கால் முன்ன, ஒரு கால் பின்ன. உடம்பைப் பின்னால சாய்ச்சுக்கோ. பிடிச்சுட்டியா?”

“பிடிச்சுட்டேன்.”

அவள் குனிந்து, சக்கரத்துக்கு அடியிலிருந்த கல்லை உருவினாள். வண்டி அசைந்தது. பிள்ளையின் செருப்பு பாசியில் கொஞ்சம் வழுக்கி, பிறகு ஊன்றி நின்றது.

“பரவாயில்லையே. நல்லாப் பிடிக்கிறே.”

“ஏய், என்ன பண்றே? கல்லை வை!” என்று கத்தினாள் மாமியார்.

“ஆடாதீங்க அத்தை. நீங்க ஆடினா பிள்ளைக்குக் கை விட்டுடும். நேரா தண்ணிதான்.”

மாமியார் சிலையானாள். இரண்டு பேர் தூக்காமல் இறங்க முடியாத கால்.

கயிற்று முடிச்சை அவிழ்த்து, கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் படகை நோக்கி நடந்தாள்.

“அம்மா, எவ்வளவு நேரம் பிடிக்கணும்?”

“சாயங்காலப் படகுல அப்பா வருவாரு.”

“நீ எங்க போறே? அம்மா! நானும் வரேன்!”

“வா. கையை விட்டுட்டு வா.”

பிள்ளை பாட்டியின் பின்னந்தலையைப் பார்த்தாள். கை விடவில்லை.

அவள் படகில் ஏறி உட்கார்ந்தாள். படகுக்காரர் அவள் கண்ணில் படாமல் இருக்க, முதுகைக் காட்டிக்கொண்டு இன்ஜின் மேல் கவிழ்ந்திருந்தார்.

“பெரியம்மா வரலியாம்மா?”

“வரலை. நீங்க எடுங்கண்ணே.”

ஒரு தடவையிலேயே பிடித்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட சத்தம். இத்தனை நாளாக இதே படகில் போய்வந்தும் காதில் விழாமல் போயிருக்கிறது.

துறை பின்வாங்கியது. “அம்மா! கை வலிக்குதும்மா! அம்மா!”

“பாப்பா கூப்பிடுதே?” என்றார் அவர், திரும்பாமல்.

“வழியனுப்புறா.”

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வந்தது. கரையைப் பார்க்கவில்லை. அவள் மடியைப் பார்த்தார்.

“அது என்னம்மா, கல்லு?”

“ஹேண்ட்பிரேக்.”

படகுக்காரர் சிரித்துவிட்டார். தீவில் எல்லாருக்கும் தெரிந்த ஜோக்.