எப்பிராயீமின் கோப்பை

சுற்றுலாப் படகு துறையை விட்டு நகர்ந்ததும் வழிகாட்டி வெர்டீன் மைக்கை எடுத்து வழக்கமான கேலியோடு ஆரம்பித்தாள். "தண்ணியில கைய விடாதீங்க. இங்க முதலைங்களுக்கு வெளியூர்க்காரங்கன்னா உசிரு."

பயணிகள் சிரித்தார்கள். பின்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்த க்வீனி மட்டும் சிரிக்கவில்லை. வெர்டீனின் இறந்துபோன கணவன் எப்பிராயீமுக்கு அக்கா. வெர்டீனின் மகன் காலேப்பை அடக்கம் செய்த நாளிலிருந்து அவளோடு முகம் கொடுத்துப் பேசாதவள். இன்று காலை தானாகவே துறைக்கு வந்து நின்றாள். "உன் மக நோலாவுக்குப் பிரசவ வலி எடுத்திருச்சாம். ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. இன்னிக்காவது அதை உடைச்சுத் தொலை" என்று மட்டும் சொன்னாள்.

அது எப்பிராயீமின் காப்பிக் கோப்பை. படகு போகும் அவர்களின் தீவில் ஒருவரைப் புதைத்தால், அவர் கடைசியாகப் புழங்கிய சாமான்களை மண்மேட்டின் மேல் வைப்பார்கள். உடைத்துத்தான் வைக்க வேண்டும். அப்போதுதான் அந்த வீட்டுச் சாவு அவரோடு அறுபடும். இல்லையென்றால் போனவர் பின்னாலேயே இன்னொருவரும் போவார். வெர்டீன் தட்டை உடைத்தாள், விளக்கை உடைத்தாள். கோப்பைக்கு மட்டும் கை வரவில்லை. கல்யாணமான மறுநாளிலிருந்து தினமும் அவன் உதடு பட்ட விளிம்பு. யாரும் பார்க்காதபோது முழுசாகவே வைத்துவிட்டாள். அடுத்த இறால் பருவத்தில் காலேப்பின் படகு கவிழ்ந்தது. ஊர் ஜாடைமாடையாகப் பேசியதை க்வீனி மூஞ்சிக்கு நேராகச் சொன்னாள். வெர்டீனும் அதை நம்பினாள் என்பதுதான் கொடுமை. இந்த வேலையில் வாரந்தோறும் கல்லறை வரை வருகிறாள், ஒவ்வொரு முறையும் உடைக்க நினைத்து, மழைநீர் தேங்கிய கோப்பையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். "இது மட்டும் ஏன் உடையல?" என்று யாராவது கேட்டால், பிறகு வைத்தது என்று மழுப்புவாள். இப்போது அவளுக்கு மிச்சமிருப்பது நோலா ஒருத்திதான்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் வெர்டீன் நின்றாள். "நாங்கதான் வந்திருக்கோம். உள்ள வரலாமா?" என்று ஓக் மரங்களைப் பார்த்துக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருப்பவளைப் போலச் சற்று நின்றுவிட்டு உள்ளே போனாள். பயணிகளை ஓடைப்பக்கம் அனுப்பிவிட்டு மேட்டருகே மண்டியிட்டாள். கோப்பையைத் தூக்கினாள். தண்ணீர் தளும்பியது. கை அப்படியே நின்றுவிட்டது.

"குடு இங்க" என்றாள் க்வீனி. "என் தம்பிதானே. நான் உடைக்கிறேன்."

வாங்கி ஓங்கினாள். அவள் கட்டைவிரல் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு கோப்பையை அதே குழியில் பதமாக வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வாங்கிக் குடுத்ததுடி இது. அவன் மொதல் சம்பளத்தைக் குடிச்சுத் தீத்துட்டு வந்தப்போ, இதுல காப்பி குடிடா நாயேன்னு குடுத்தேன்." அழுதாள். "உன்ன என்னல்லாம் பேசிட்டேன்."

"விடுங்கக்கா" என்றாள் வெர்டீன். விட முடியாது என்று இருவருக்கும் தெரியும். அங்கே கரையில் ஒரு பிள்ளை வலியில் கிடக்கிறது. இங்கே இரண்டு பேருக்கும் ஒரு கோப்பையை உடைக்கத் தெம்பில்லை.

ஓடைப்பக்கம் போகாமல் தயங்கி நின்ற, தொப்பி போட்ட கிழவர் ஒருவர், ஊன்றுகோலோடு அருகில் வந்தார். "நான் ஏதாவது செய்யட்டுமா?"

வெர்டீன் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இதைக் கொஞ்சம் உடைச்சுக் குடுங்கய்யா."

"நல்ல கோப்பையாச்சேம்மா."

"அதனாலதான்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, கோலின் இரும்பு முனையால் ஒரு தட்டுத் தட்டினார். உடையவில்லை. க்வீனி வெர்டீனின் கையைப் பற்றிக்கொண்டாள். இரண்டாம் தட்டுக்கு இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

திறந்தபோது கிழவர் ஓசைப்படாமல் விலகிப் போய்க்கொண்டிருந்தார். வெர்டீன் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். தீவில் சிக்னல் கிடையாது, தெரிந்தும் பார்த்தாள். உடைந்த கோப்பையிலிருந்த தண்ணீர் எப்பிராயீமின் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஈரம் சுருங்கிச் சுருங்கி மணலின் நிறத்துக்கு வரும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.