கேனப்பியின் உள்பக்கம்

மூன்றாவது பூச்சு காய்ந்துவிட்டது என்று மூக்கர் இரண்டாம் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பால்கனியில் விரித்த செய்தித்தாள்மேல் மல்லாந்து கிடந்தது மீன்தொட்டிக்கான மரமூடி. மூடி என்று சொன்னால் அவருக்குப் பொறுக்காது. பாத்திரத்துக்குப் போடுவதுதான் மூடி, இதற்குப் பெயர் கேனப்பி என்று வீட்டுக்கு வந்த தண்ணீர் கேன்காரருக்குக்கூட வகுப்பெடுத்தாகிவிட்டது. ஒட்டுப்பலகையை ஆறு நாள் அறுத்து, இழைத்து, விளக்குப் பொருத்தி, வெளிப்பக்கம் தேக்கு நிறம் அடித்திருந்தார். தொட்டியின் ஈரம் மரத்தில் ஏறாதபடி உள்பக்கம் முழுக்க வார்னிஷ். பெயிண்ட் கடைக்காரர், ஒரு வாரமாவது காற்றாட வைத்து, முகர்ந்து பார்த்து, வாடை அடியோடு போன பிறகுதான் தொட்டிமேல் வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவர் குனிந்து முகர்ந்தார். ஒரு வாடையும் இல்லை.

இருக்காது. சோப்புக் கம்பெனியின் வாசனைப் பிரிவில் முப்பது வருஷம் அதிகாரம் பண்ணி, அதனாலேயே மூக்கர் என்று பெயர் வாங்கிய மனிதருக்கு, இரண்டு வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் மோப்பம் மொத்தமும் போய்விட்டது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுப்பில் பால் பொங்கிக் கருகிப் புகைந்த ஒரு மத்தியானம், பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துத்தான் மனைவிக்குத் தெரிந்தது. அவளும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அடி எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுடையதாயிற்று. விருந்தாளி உள்ளே நுழையும்போதே, "மல்லிகை வாசனை தூக்குதுல்ல" என்று காற்றோடு சொல்லிவைப்பாள். ஐந்து நிமிஷம் கழித்து அவர் கண்ணை மூடி, மூக்கை உயர்த்தி, மல்லிகை என்று அறிவிப்பார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒருநாளும் அவர் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. சொன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடுமே.

இன்றும் எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். "வார்னிஷ் வாடை கண்ணைக் கரிக்குதுங்க. அடுத்த வாரம் வைக்கலாம்."

சாயங்காலம் மச்சினன் வருகிறான். அவனிடம் கேனப்பியைக் காட்டுவதாகச் சொல்லி ஒரு மாதமாகிறது. அவர் காதில் எதுவும் ஏறவில்லை. தொட்டிமேல் இருந்த பழைய கண்ணாடித் தகட்டை எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, கேனப்பியைக் கிரீடம் சூட்டுவதுபோல் இறக்கி வைத்தார்.

உள்ளே இருந்தது ஒரே ஒரு மீன். கறுப்பு, பிதுங்கிய கண், ஒன்பது வயது. மத்தியான வேலை முடிந்து அவள் நாற்காலியை இழுத்துப் போட்டால் கண்ணாடியோரம் வந்து நிற்கும். மனசில் கிடப்பதையெல்லாம் அதனிடம்தான் கொட்டுவாள். அவள் பேச்சைத் திருத்தாத ஒரே ஜீவன் அந்த வீட்டில் அதுதான்.

மச்சினன் வந்தபோது மீன் மேலே வந்து, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. மூக்கர் கேனப்பியின் மூலை இணைப்புகளின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார். அவள் குறுக்கே புகுந்து, வாடை உள்ளேயே அடைபட்டு மீன் மூச்சுக்குத் தவிக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றாள். வாடையா, எங்கே என்றார் அவர்.

"உங்களுக்குத் தெரியாதுங்க," என்றாள். "ரெண்டு வருஷமா உங்களுக்கு எந்த வாசனையும் தெரியாது."

மூக்கர் மெதுவாகச் சிரித்தார்.

"வயசான காலத்துல உங்க அக்காவுக்கு மூக்கு முளைச்சிருக்கு மாப்ள. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

தம்பி குனிந்து முகர்ந்தான். அவன் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். நிமிர்ந்தவன் அக்காவின் முகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்.

"ஒண்ணுமே இல்லக்கா. சும்மா மர வாசனை."

வெற்றி பெற்றவர் மச்சினனைப் பால்கனிக்கு அழைத்துப் போனார், ரம்பத்தைக் காட்ட. அந்த இடைவெளியில் அவள் கேனப்பியை ஒரு கையால் தூக்கி, மீனைக் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். தொட்டிக்கு மாற்றுவதற்காக இரண்டு நாள் முன்பே பிடித்துவைத்திருந்த தண்ணீர் வாளியில் இருந்தது. மீனை அதில் விட்டாள். அது விலாவைக் காட்டி மிதந்தது. செவுள் ஒருமுறை விரிந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.

கூடத்தில் கேனப்பியின் விளக்கைப் போடும் சத்தம்.

"தண்ணி எவ்வளவு தெளிவா தெரியுது பாருங்க மாப்ள."

"ஆமா அத்தான். மீன் எங்க?"

"பின்னால ஒளிஞ்சிருக்கும். புது வெளிச்சம்ல, கூச்சம்."

வாளியில் காற்றுக் கலக்கட்டும் என்று அவள் குவளையில் தண்ணீரை மொண்டு, தலைக்குமேல் உயர்த்தி, மெல்லிய தாரையாக ஊற்றினாள். மறுபடி மொண்டு ஊற்றினாள். தாரை விழுந்த இடத்தில் குமிழிகள் எழுந்து, கறுப்பு உடம்பைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன.